ஆறு வீடும் ஒரு சங்கிலியும்

இண்டைக்குக் காலமை கொழும்புத்துறையிலை நான் ஆரைக் கண்டனான் தெரியுமோ? நாலாம் நம்பர் வீட்டுச் செபஸ்தியம்மாவை! தலையிலை மீன் கடகம், மேலெல்லாம் மழை, வாயிலை ஏச்சு. ஆரை ஏசுறா எண்டு சுத்திப் பாத்தன், ஒருத்தரையும் காணேல்லை. மழையைத்தான் ஏசினவ! "வா, வந்து பெய்! இப்ப என்ரை தலைக்கு மேலை ஓடு கிடக்கு. என்ன செய்வாய் பாப்பம்!" சைக்கிளை வேலியிலை சாத்திப்போட்டு, அவவின்ரை விறாந்தையிலை இருந்து முழுக்கதையும் கேட்டிட்டு இப்பதான் வாறன். நனைஞ்ச சட்டையைக்கூட மாத்தேல்லை. சூடு ஆறமுந்தி எழுதிப்போட வேணும்.

கதை போன தையிலை தொடங்குது. அப்ப செபஸ்தியம்மாவும் புருசன் அடைக்கலநாதனும் கடற்கரைத் தென்னங்காணி ஒண்டிலை கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தவை. அவையோடை சேத்து அங்கை ஏழு குடும்பம். ஆம்பிளையள் பரவைக்கடலிலை வலை போடுவினம். பொம்பிளையள் மீனைக் கடகத்திலை சுமந்துகொண்டு அரியாலை, நல்லூர்ப் பக்கம் பெரிய வீடுகளின்ரை பின்படலையிலை நிண்டு விப்பினம். காணி இராசநாயகம் எண்ட பெரிய மனிசன்ரை. விழுற தேங்காயைப் பொறுக்கி ஒழுங்காய்க் குடுத்தால் போதும், அவர் ஒண்டும் கேக்க மாட்டார். நல்ல மனிசன். அந்த நல்ல குணத்தாலைதான் வில்லங்கமே வந்தது.

அந்தத் தையிலை எங்கடை பட்டினத்துப் பெரிய மனிசருக்கு ஏழையளிலை இரக்கம் வந்திட்டுது. ஒருத்தருக்கு ரெண்டு பேருக்கு இல்லை, பதினொரு பேருக்கு, ஒரே கிழமையிலை, தடிமன் தொத்தின மாதிரி. கோட்டிலை வழக்குப் பேசுற பிறக்கிராசி கதிரவேலு ஏதோ ஒரு பேப்பரிலை பம்பாய்த் தொழிலாளருக்கு வரிசை வரிசையாய்க் கட்டின வீடுகளின்ரை படத்தைப் பாத்திட்டாராம். "யாழ்ப்பாணம் பம்பாயிலும் குறைஞ்சதோ?" எண்டு ஒரு கேள்வி கேட்டாராம். அண்டைக்கே சங்கம் பிறந்திட்டுது. ஏழை எளியோர் மாதிரி இல்ல நிர்மாண நல்வாழ்வுச் சங்கம். ஏழை எளியோருக்கு அதை ஒரு மூச்சிலை சொல்லேலாமல் போச்சு, வீட்டுச் சங்கம் எண்டே விட்டிட்டினம். கதிரவேலு தலைவர். இராசநாயகம் தனாதிகாரி.

வீடு கட்டக் காணி வேணுமே? இராசநாயகம் எழும்பி, "என்ரை தென்னங்காணியை அரை விலைக்குத் தாறன்" எண்டார். முழு விலை எவ்வளவெண்டும் அவரேதான் சொன்னவர். ஒரே கைதட்டல். அதுக்குப் பிறகுதான் ஒரு சின்னச் சிக்கல் தெரிஞ்சுது. காணி நிறைய ஏழையள் இருக்கினம். ஏழையளுக்கு வீடு கட்டுறதெண்டால் முதல் ஏழையளை எழுப்பவேணும். அதுக்கும் ஒரு தீர்மானம் நிறைவேத்திச்சினம், ஏகமனதாய்.

செபஸ்தியம்மா நேரை இராசநாயகம் வீட்டுப் பின்படலைக்குப் போனா.

"ஐயா, எங்களை எழுப்பப் போறியளாம், மெய்யோ?"

"ஓம் செபஸ்தியம்மா. ஏழையளுக்கு வீடு கட்டப் போறம்."

"நாங்களும் ஏழையள்தானே ஐயா?"

"அதை விசாரிச்சுத்தான் சொல்லலாம்" எண்டார் இராசநாயகம். "அது சரி, என்ன மீன் கிடக்கு இண்டைக்கு?"

மாசி முடியமுந்தி கொட்டிலெல்லாம் பிரிச்சாச்சு. ஏழு குடும்பமும் கரையிலை உடைஞ்சு கிடந்த வள்ளங்களைக் கவிழ்த்துப்போட்டு, பக்கத்துக்குப் பழைய பாய்த்துணியைக் கட்டி, அதுக்குள்ளை பூந்து இருந்தினம். வெயில் காலம், சமாளிக்கலாம். ஆனால் அடைக்கலநாதனுக்குத் தொய்வு வருத்தம். குளிர் பிடிச்சால் மூச்சு இழுத்து இழுத்து, நெஞ்சுக்குள்ளை விசிலடிக்கும். போன மாரியிலை கொட்டில் ஒழுகி, ஆளைச் சாகக்கிடத்தி எடுத்தது. "இன்னொரு மாரி நனைஞ்சால் நான் பொறுப்பில்லை" எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அப்ப செபஸ்தியம்மாவின்ரை தலைக்குள்ளை இருந்தது ஒண்டே ஒண்டுதான்: ஐப்பசி மழைக்கு முந்தி இந்த மனிசனை ஒரு ஒழுகாத கூரைக்குக் கீழை கிடத்தவேணும்.

வீடுகள் எழும்பிச்சுது. ஏழு எண்டுதான் முதல் பேச்சு. ஆனால் ஏழாவது வீட்டுக்கு வைச்ச கல்லும் சுண்ணாம்பும் வாசல் வளைவுக்குப் போட்டுது. பதினொரு பேரின்ரை பேரையும் பொறிக்க இடம் வேணுமெல்லோ? உப்புக்காத்து உடம்புக்குக் கூடாதெண்டு கடல் பக்கத்துச் சுவரிலை யன்னலே வைக்கேல்லை. "ஐயா, தொழிலுக்குப் போறவன் காத்தைப் பாக்கவேணும்" எண்டு அடைக்கலநாதன் போய்ச் சொன்னார். சங்கத்துக்காரர் ஒருத்தர், "காத்தை எப்பிடியப்பா பாக்கிறது? அது கண்ணுக்குத் தெரியாதே?" எண்டு படிப்பிச்சு அனுப்பினாராம்.

ஆவணியிலை விசாரணை. பள்ளிக்கூட வளவிலை பந்தல், பந்தலுக்கு வெள்ளை கட்டி, மேசை போட்டு, கதிரை போட்டு, கதிரவேலு நடுவிலை. பக்கத்திலை பேரேடும் கையுமாய்க் கிளாக்கர் ஏரம்பு. ஏழு வீட்டுப் பொம்பிளையளும் ஒவ்வொருத்தராய்ப் போய்த் தாங்கள் ஏழை எண்டு காட்டவேணும்.

இஞ்சைதான் பாருங்கோ எங்கடை சனத்தின்ரை குணம். சபைக்கு முன்னாலை, அதுவும் பெரிய மனிசருக்கு முன்னாலை, வெறுங்கழுத்தோடை போய் நிக்கிறதோ? அதைவிட உடுப்பில்லாமல் போகலாம். அந்த ஏழு குடும்பத்துக்கும் சேத்துப் பொன் எண்டு இருந்தது ஒரே ஒரு சங்கிலி. லூர்த்தம்மான்ரை. புருசனைக் கடலுக்குக் குடுத்த நாள் தொட்டு லூர்த்தம்மா கழுத்திலை ஒண்டும் போடுறேல்லை. சங்கிலி மட்டும் ஒரு கலியாணம், ஒரு ஞானஸ்நானம் தவறாமல் மற்றவையின்ரை கழுத்திலை ஏறித் திரியும். அதை வித்தால் கிடுகு வாங்கலாம், நிலம் வாங்கேலாது. அதாலை விக்கவும் இல்லை.

பந்தலுக்குப் பின்னாலை ஓலை மறைப்பு. அதுக்குள்ளை ஆறு பொம்பிளையள், ஒரு சங்கிலி.

"கெதியாக் கழட்டடி, என்ரை பேரைக் கூப்பிடுறாங்கள்!" எண்டா செபஸ்தியம்மா.

"பொறக்கா, கொழுக்கி தலைமயிரிலை மாட்டிப்போச்சு" எண்டா முன்னுக்குப் போட்டு வந்த இன்னாசியம்மா.

"மயிரோடை தா!"

மயிரோடைதான் போட்டுக்கொண்டு போனவ. கதிரவேலு கண்ணாடிக்கு மேலாலை பாத்தார்.

"வறுமைப்படுறியோ?"

"ஓம் ஐயா. வள்ளத்துக்குக் கீழை இருக்கிறம். மனிசனுக்குத் தொய்வு."

"எத்தினை நாளாய் வறுமை?"

"பிறந்த நாள் தொடக்கம், ஐயா."

கதிரவேலு கொஞ்சம் முன்னுக்குச் சாய்ஞ்சு அவவின்ரை கழுத்தைப் பாத்தார். "எழுதும் ஏரம்பு. பொற்சங்கிலி ஒண்டு."

செபஸ்தியம்மாவுக்கு உள்ளுக்குள்ளை பெரிய சந்தோசப் புழுகம். மரியாதையான குடும்பம் எண்டு ஐயா பதிஞ்சு வைக்கிறார் எண்டு நினைச்சா. ஐயாவுக்கு வடிவாய்த் தெரியட்டும் எண்டு நாடியைக் கூட நிமித்திக் காட்டினா, பாவி!

ஏரம்பு மட்டும் மெல்லமாய்ச் சொன்னாராம், "ஐயா, இது நாலாவது சங்கிலி. எல்லாத்திலையும் கொழுக்கி ஒரே மாதிரி வளைஞ்சிருக்கு."

"ஒரே தட்டானிட்டைச் செய்விச்சிருப்பினம். அடுத்த ஆளைக் கூப்பிடும்."

கடைசியாய் வந்தது லூர்த்தம்மா, வெள்ளைச் சீலையும் வெறுங்கழுத்துமாய்.

முடிவைச் சந்தை மதிலிலை ஒட்டிச்சினம். விசாரிச்ச ஏழு பேரிலை ஆறு பேர் பொன் உடையவை, ஏழையள் இல்லை. ஏழை ஒரே ஆள்: லூர்த்தம்மா. ஒரு வீடு அவவுக்கு. மிச்சம் அஞ்சு வீட்டுக்கும் தகுந்த ஏழையளைத் தேடுறதுக்கு ஒரு உபகமிட்டி. கதிரவேலு இதிலை இன்னும் ஒருபடி மேலை போய், எங்கடை கரையோர மக்களின்ரை பொன் வளத்தைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் ஒரு பிரசங்கமும் செய்தார். கேட்டவை ஆச்சரியப்பட்டினமாம்.

செபஸ்தியம்மா வள்ளத்துக்குக் கீழை வந்து சுருண்டு இருந்திட்டா. பிறகு எழும்பி, "நான் போய்ச் சொல்லப் போறன், அது இரவல் எண்டு" எண்டா.

"சொல்லு" எண்டார் அடைக்கலநாதன். "இரவல் எண்டால் ஆரின்ரை எண்டு கேப்பினம். என்ன சொல்லுவாய்?"

செபஸ்தியம்மா திரும்பி லூர்த்தம்மான்ரை வள்ளத்தைப் பாத்தா.

"அவள் தனிச்ச பொம்பிளை. அவளுக்காவது ஒண்டு கிடைச்சுதெண்டு விடப்பா. வாயைப் பொத்திக்கொண்டு இரு." சொல்லி முடிக்கமுந்தி மனிசனுக்கு இருமல் வந்திட்டுது.

பொத்திக்கொண்டுதான் இருந்தா. புரட்டாதி முழுக்கப் பொத்திக்கொண்டு இருந்தா. எங்கடை செபஸ்தியம்மாவுக்கு அது லேசான வேலை இல்லை.

உபகமிட்டி ஏழையளைத் தேடினது தேடினபடி. ஒருத்தனுக்குப் பசுமாடு இருந்தது. ஒருத்தனுக்குக் குடை இருந்தது. அதுக்கிடையிலை ஐப்பசி பிறந்திட்டுது. திறப்புவிழாவுக்கு வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் வாறதெண்டு நாள் குறிச்சு, கடுதாசி அச்சடிச்சு, மேளகாரருக்கும் சொல்லியாச்சு. அப்பதான் கதிரவேலுவுக்குத் திடீரெண்டு வேர்த்தது. ஏழையள் இல்லாமல் ஏழை வீட்டை எப்பிடித் திறக்கிறது?

ஏரம்பு சைக்கிளிலை கரைக்கு ஓடி வந்தார்.

"செபஸ்தியம்மாக்கா, ஒரு உதவி. நாளைக்கு நாலு மணிக்கு அஞ்சு ஏழையள் தேவை."

"எங்களிட்டை எங்கை தம்பி ஏழையள்? நாங்கள் பொன் உடைய ஆக்களெல்லோ?"

"பகிடி விடாதையுங்கோ அக்கா. வீட்டு வாசலிலை நிக்கிறது, துரையிட்டைப் பூட்டுத் திறப்பை வாங்கிறது, கும்பிடுறது. துரை போனாப்பிறகு திறப்பைத் திருப்பித் தாறது. தேத்தண்ணி, வடை எல்லாம் கிடக்கு."

"என்ன உடுக்கிறது?"

"பழசு! நல்ல பழசாய்! ஐயா கண்டிப்பாய்ச் சொன்னவர், ஒருத்தரும் சங்கிலி போட்டுக்கொண்டு வரப்படாது!"

அடுத்த நாள் நாலு மணி. வானம் அட்டக்கரியாய்க் கறுத்துக்கொண்டு வருது. ஆறாம் நம்பர் வாசலிலை லூர்த்தம்மா, உண்மையான ஏழை. மற்ற அஞ்சு வாசலிலையும் ஒரு பின்னேரத்துக்குப் பிடிச்ச ஏழையள். நாலாம் நம்பரிலை செபஸ்தியம்மா. நிக்க ஏலாதெண்டு அடைக்கலநாதனை உள்ளுக்குச் சுவரோடை சாத்தி இருத்தியிருந்தா. துரை வந்தார், திறப்பு ஆறையும் குடுத்தார், "வெரி குட்" எண்டு ஆறு தரம் சொன்னார், மழைக்கு முந்தி மோட்டார்க் காரிலை ஏறிப் போட்டார். கார் வளைவைத் தாண்ட, ஏரம்பு தட்டத்தோடை வந்தார் திறப்புகளைப் பொறுக்க.

ஒண்டு விழுந்தது. ரெண்டு விழுந்தது. மூண்டு விழுந்தது. நாலாம் நம்பரிலை ஒண்டும் விழேல்லை.

"அக்கா, திறப்பு."

"தரமாட்டன்."

முதல் துளி அப்ப விழுந்தது. உள்ளுக்கிருந்து அடைக்கலநாதனின்ரை நெஞ்சு விசிலடிக்கிறது வாசல் வரை கேட்டது. கதிரவேலு வந்தார், இராசநாயகம் வந்தார், அவையோடை வந்த பெரிய வீட்டுப் பொம்பிளையளும் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு மழைக்கு விறாந்தையிலை ஏறிச்சினம்.

"என்ன இது?" எண்டார் கதிரவேலு. "உன்னட்டைப் பொற்சங்கிலி கிடக்கு, பேரேட்டிலை கிடக்கு. ஏழையின்ரை வீட்டை அபகரிக்கப் பாக்கிறியோ?"

செபஸ்தியம்மா வாயைத் திறந்தா. எதிர்ப்பக்கம் ஆறாம் நம்பர் வாசலிலை நிண்ட லூர்த்தம்மாவைக் கண்டா. லூர்த்தம்மா தன்ரை திறப்பைச் சீலைத் தலைப்பிலை முடிஞ்சு கையாலை பொத்திக்கொண்டு நிண்டவ. செபஸ்தியம்மா வாயை மூடிப்போட்டா. "மழை விடுமட்டும் இருக்க விடுங்கோ, ஐயா. நனைஞ்சால் இந்த மனிசன் போயிடும்" எண்டு மட்டும் சொன்னா. ஏச்சில்லை, பகிடி இல்லை. அழுகிற குரல்.

லூர்த்தம்மா மழைக்குள்ளை இறங்கி நடந்து வந்தா.

"ஐயா, அந்தச் சங்கிலி என்ரை. ஆறு பேரும் போட்டு வந்தது ஒரே சங்கிலிதான். இரவல்."

"பேய்க்கதை!" எண்டார் கதிரவேலு. "இரவல் நகையைப் போட்டுக்கொண்டு ஒரு சபைக்கு முன்னாலை ஆராவது வருவினமோ? மானமுள்ள ஒரு பொம்பிளை செய்யிற வேலையோ அது?"

பெரிய வீட்டுப் பொம்பிளையள் எல்லாரும் மழையைப் பாக்கத் தொடங்கிச்சினம். இராசநாயகத்தின்ரை பெண்சாதி அருமைநாயகி சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடினா. கதிரவேலுவின்ரை பெண்சாதி குணலட்சுமிக்குத்தான் பொறுக்கேல்லை.

"இஞ்சை பாருங்கோ" எண்டா. "அருமைநாயகி போட்டிருக்கிற அட்டியல் ஆரின்ரை எண்டு தெரியுதோ?"

"ஏன், இராசநாயகம் வாங்கிக் குடுத்திருப்பார்."

"அது நீங்கள் எனக்கு வாங்கித் தந்தது! என்ரை கழுத்திலை கிடக்கிற பதக்கஞ் சங்கிலி அவவின்ரை! போன தைப்பூசத்துக்குப் போட்டதை இண்டைக்கும் போட்டால் சனம் என்ன சொல்லும்? மாத்தித்தான் போடுறனாங்கள், எட்டு வரியமாய். இவ்வளவு நாளும் பக்கத்திலை நடந்து வாறியள், உங்கடை கண்ணுக்குப் பிடிபடேல்லை. செபஸ்தியம்மான்ரை கழுத்திலை கிடந்தது மட்டும் பிடிபட்டிட்டுது!"

பிறக்கிராசி கதிரவேலு கோட்டிலை எத்தினை பெரிய சாட்சியை மடக்கினவர்! அண்டைக்கு அவருக்கு ஒரு குறுக்குக் கேள்வியும் வரேல்லை. கடைசியிலை, "சரி, அவசரக் கூட்டம்" எண்டார். நாலாம் நம்பர் விறாந்தையிலேயே, தூவானம் அடிக்க அடிக்க, கூட்டம் நடந்தது. இரவல் பொன் பொன்னாகாது எண்டு ஒரு தீர்மானம். ஆறு பேரும் ஏழையள். ஆறு வீடு, ஆறு ஏழை, கணக்குச் சரியாய் வந்திட்டுதெண்டு எல்லாருக்கும் புழுகம்.

பிறகு இராசநாயகம் தொண்டையைச் செருமினார். "அப்ப பொன்னின்ரை சொந்தக்காரி?"

விதி எண்டால் விதிதானே. லூர்த்தம்மா பொன் உடையவ. ஏழை இல்லை. தலைப்பு முடிச்சை அவிழ்த்து, திறப்பைத் தட்டத்திலை வைச்சா. அது அண்டைக்கு வாசல் கிடையாமல் நிண்ட இன்னாசியம்மாவுக்குப் போச்சு. "எனக்கென்ன, தனிக்கட்டை. வள்ளம் காணும்" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பி நடந்தவவாம். இதைச் சொல்லேக்கை செபஸ்தியம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிப்போட்டா.

செபஸ்தியம்மா பின்னாலை வள்ளத்தடிக்கு ஓடிப்போய் லூர்த்தம்மான்ரை பாயைப் பறிச்சா.

"விடடி!"

"விடன். நீ வராட்டில் நானும் உன்ரை வள்ளத்துக்குத்தான் வருவன். அங்கை ரெண்டு பேருக்கு இடமில்லை. வா."

ஆனால் சங்கத்துக்கு இருபத்துநாலு விதி கிடக்கு, அச்சடிச்சு, கண்ணாடி போட்டு, வீட்டுக்கு வீடு கொழுவியிருக்கு. மீன் மணம் வரப்படாதெண்டு ஒரு விதி. அதை வாசிச்சு அடைக்கலநாதன் தொய்வோடை சிரிச்சாராம். ஒரு வீட்டிலை ஒரு குடும்பந்தான் எண்டு இன்னொரு விதி. விருந்தாளி வரலாம், மூண்டு நாளுக்கு மேலை நிக்கேலாது. கிளாக்கர் வந்து பாத்துப் பதியவேணும்.

விருந்தாளி திரும்பி வாறதுக்கிடையிலை எவ்வளவு நேரம் வெளியாலை நிக்கவேணும் எண்டு இருபத்துநாலிலை ஒரு விதியும் சொல்லேல்லை. செபஸ்தியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அதை வாசிச்சுக் கண்டுபிடிச்சுச் சொன்னது வேறை ஆருமில்லை, ஏரம்புதான்.

இண்டைக்கு மூண்டாம் நாள். என்ரை கண்ணாலை பாத்தன். ஏரம்பு குடையோடையும் பேரேட்டோடையும் வந்து கதிரையிலை இருந்தார். லூர்த்தம்மா பாயைச் சுருட்டிக் கமக்கட்டுக்குள்ளை வைச்சா. "அப்ப போட்டு வாறன் செபஸ்தி. நல்லாக் கவனிச்சாய்." "போட்டு வா மச்சாள். அடிக்கடி வா." படலைக்கு வெளியாலை போய், மழைக்குள்ளை ஒரு நிமிசம் நிண்டு, திரும்பிப் படலையைத் தட்டினா. "வீட்டிலை ஆக்கள் இருக்கினமோ?" "அட, லூர்த்து! எத்தினை நாள் கண்டு! வா, வா, நனையாதை!" ஏரம்பு முகத்திலை ஒரு சிரிப்பில்லாமல் எழுதினார்: சென்றவர் லூர்த்தம்மா, வந்தவர் லூர்த்தம்மா. பிறகு தேத்தண்ணி குடிச்சார். உள்ளுக்குப் பாயிலை அடைக்கலநாதன் நித்திரை. வெளியாலை ஓட்டிலை மழை அறையுது, மனிசன்ரை மூச்சு அமைதியாய்ப் போய் வருது.

இது பதினோராவது விருந்து. மாரி முடிய இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு, லூர்த்தம்மாவுக்கு அறுபது வயது. எத்தினை நாளைக்கு அந்த மனிசி மழைக்குள்ளை நிண்டு தன்ரை வீட்டுப் படலையைத் தட்டுறது?

வாற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குச் சங்கத்தின்ரை பொதுக்கூட்டம். ஆரும் வரலாமெண்டு அவையே நோட்டீஸ் போட்டிருக்கினம். வாங்கோ! ஏழாவது வீடு எங்கையெண்டு எழும்பி நிண்டு கேளுங்கோ. வரமுந்தி கொழும்புத்துறைக்கு ஒருக்கால் போய் நாலாம் நம்பர் விறாந்தையிலை இருந்து பாருங்கோ, செபஸ்தியம்மா தேத்தண்ணி தருவா. இந்தப் பேப்பரை வாசிச்சாப்பிறகு மடிச்சு அலுமாரிக்குள்ளை வைச்சிடாதேங்கோ, பக்கத்து வீட்டுக்குக் குடுங்கோ. எழுத்துத் தெரியாத ஆக்களுக்குச் சத்தமாய் வாசிச்சுக் காட்டுங்கோ.